தனக்குத் தானே கையெழுத்து

அத்தியாயம் 6

கதவு சாத்திக்கொண்ட விதமே ரேடியோவுக்குப் பிடிக்கவில்லை.

ஓர் அடி கனமுள்ள கதவு. டமாரென்று அடித்துச் சாத்தியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அது ‘ப்ச்’ என்று, வேண்டாத விருந்தாளியைப் பார்த்துச் சலித்துக்கொள்கிற மாதிரி மூடிக்கொண்டது. அப்புறம் கூரையில் இருந்த மின்விசிறிகளின் உறுமல் மட்டும்தான்.

“அண்ணி, இந்த ரூமுக்கு ஜன்னல் எங்க இருக்கு?”

“ஃப்ரிட்ஜுக்கு யாராவது ஜன்னல் வைப்பாங்களா?”

“சும்மா கேட்டேன். எந்த இடத்துக்குப் போனாலும் கேக்கறது பழக்கமாயிடுச்சு.”

பெற்றவர்கள் ஆசையாக வைத்த பேர் ஒன்று அவனுக்கு உண்டு. அது அடையாள அட்டையோடு சரி. ஒரு தடவை திருகிவிட்டால் நிறுத்த ஆள் கிடையாது என்பதால் தெரிந்தவர்களுக்கெல்லாம் அவன் ரேடியோதான். பயம் வந்தால் சத்தம் இன்னும் கூடும். பாம்புக்கும் பேய்க்கும் அஞ்சாதவன், மூடின அறை என்றால் மட்டும் குலை நடுங்கிப்போவான். ஏழாவது மாடியானாலும் லிஃப்டில் ஏறமாட்டான். அவன் அண்ணன் மனைவி இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காகத் துப்பறிகிறவள். காரை ஓட்டுவது, போட்டோ எடுப்பது, அண்ணிக்கு வரவேண்டிய கோபத்தை அவளுக்குப் பதிலாகத் தான் படுவது என்று ஆறு வருஷமாக அவளிடம் உதவியாளன்.

இப்போது அவன் நிற்பது ஒரு மருந்துக் கிடங்கின் மூன்றாம் நம்பர் குளிர் அறை. மைனஸ் இருபது. நான்கு பேர் உள்ளே வந்திருந்தார்கள். கொக்கியில் தொங்கிய கனத்த கோட்டுகள் மூன்று. கிடங்கின் மேனேஜர் முதல் ஆளாக ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டார். அண்ணி இரண்டாவதை எடுத்து, நாலாவது ஆளாக நின்ற பெண்ணின் தோளில் போட்டாள். மூன்றாவதை ரேடியோ அண்ணிக்கு நீட்டினான்.

“உனக்கு?”

“நான் சூடா பேசறவன் அண்ணி. தாங்கும்.”

அந்த நாலாவது ஆள்தான் இந்த வழக்கே. இந்தக் கிடங்கின் கதவுகளுக்குப் புரோகிராம் எழுதியவள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த அறையிலிருந்து புற்றுநோய் மருந்து ஒன்பது பெட்டி காணாமல் போயிருந்தது. கதவில் கார்டைக் காட்டினால், கதவோடு இருக்கிற சின்னக் கம்ப்யூட்டர் தலைமை ஆபீஸ் சர்வரைக் கேட்டுவிட்டுத்தான் திறக்கும். ஒவ்வொரு திறப்பையும் சர்வர் எழுதி வைத்துக்கொள்ளும். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. பூட்டு உடையவில்லை, சுவர் ஓட்டையாகவில்லை. எழுதினதை அழிக்கத் தெரிந்தவள் இவள் ஒருத்திதானே என்று நிர்வாகமே தீர்ப்பு எழுதிவிட்டது. இரண்டு வாரமாக வேலையை விட்டு நிறுத்தி வைத்திருந்தார்கள். ‘நான்தான் செய்தேன்’ என்று டைப் அடித்த கடிதம் மேனேஜர் மேஜைமேல் தயாராக இருந்தது. ஐந்து மணிக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் போலீஸில் புகார்.

“கதவு எப்படி வேலை செய்யுதுன்னு எழுதினவங்களே எனக்குக் காட்டட்டும்” என்று அண்ணி ஒரு மத்தியான நேரத்தைக் கேட்டு வாங்கியிருந்தாள்.

வெளியே வாட்ச்மேன் கார்டைக் காட்ட, பச்சை விளக்கு எரிந்து, கதவு ஒழுங்காகத்தான் திறந்தது. வாட்ச்மேன் வெளியே நின்றுகொள்ள, இவர்கள் நால்வரும் உள்ளே வந்தார்கள். கதவின் கம்ப்யூட்டர் உள்பக்கச் சுவரில், சோப்புப் பெட்டி அளவில் இருந்தது.

“வெளியே வச்சா கண்டவனும் கை வைப்பான்னு உள்ளயே வச்சோம். ஒயர் எல்லாம் நானே நின்னு இழுத்தது” என்றார் மேனேஜர் பெருமையாக. “மேனேஜர் ஆகறதுக்கு முன்னாடி பத்து வருஷம் நெட்வொர்க் வேலைதான் பார்த்தேன்.”

அந்தப் பெண் லேப்டாப்பைத் திறந்து, ஒரு கேபிளைச் சுவர்ப் பெட்டியில் செருகினாள். கார்டு, கேள்வி, பதில், கதவு என்று வரிசையாகச் சொல்லிக் காட்டினாள். சொல்லி முடித்தபிறகும் அவள் விரல்கள் ஓயவில்லை என்பதை ரேடியோ கவனித்தான். எதையோ வேகமாகத் தட்டினாள். சுவர்ப் பெட்டி ‘கீக்’ என்றது. அதன் விளக்கு அணைந்து, மறுபடி எரிந்தது.

“போலாமா?” என்று அண்ணி, வாசலில் தனக்குக் கொடுத்திருந்த விசிட்டர் கார்டை உள்பக்கம் காட்டினாள்.

சிவப்பு.

மேனேஜர் தன் கார்டைக் காட்டினார். சிவப்பு. வெளியே வாட்ச்மேன் காட்டிப் பார்த்தார். அங்கேயும் சிவப்புதான் என்று தரையோரத்தில் இருந்த காற்றுத் துவாரம் வழியாக அவர் குரல் வந்தது. ஆபத்துக்கு அமுக்க வேண்டிய பச்சைக் குமிழ் பனிக்கட்டிக்குள் புதைந்து கிடந்தது. ரேடியோ ஓங்கி உதைத்தான். குமிழ் அசையவில்லை, கட்டைவிரல்தான் அசைந்தது.

“அதுக்குப் பார்ட்ஸ் ஆர்டர் போட்டிருக்கு” என்றார் மேனேஜர்.

“வந்ததும் எங்க படத்துக்குப் பக்கத்துல மாட்டி வையுங்க சார்.”

போனில் ஒரு கோடுகூட சிக்னல் இல்லை. நாலு பக்கமும் இரும்புத் தகடு. அண்ணி குனிந்து, துவாரம் வழியாக வாட்ச்மேனிடம் தீயணைப்புக்குச் சொல்லச் சொன்னாள். வர முக்கால் மணி நேரம் ஆகும் என்று பதில் வந்தது. முக்கால் மணி நேரம்! ரேடியோவுக்கு அறை ஒரு சுற்று சுருங்கின மாதிரி இருந்தது. மூச்சு வெள்ளைப் புகையாக வந்தது. வெளியே விட்ட மூச்சு மறுபடி உள்ளே வருமா என்று கவலையாகப் பார்த்தான்.

மேனேஜர் அந்தப் பெண் பக்கம் திரும்பினார்.

“என்னம்மா பண்ணின? நானும் பார்த்தேன். ஏதோ தட்டின, பெட்டி கத்திச்சு, கதவு செத்துப்போச்சு. எங்களை உள்ள வச்சுக் கொல்லப் பாக்கறியா?”

அவள் லேப்டாப்பிலிருந்து கையை எடுத்தாள்.

“ஆமா சார். நான்தான் மாத்தினேன்.”

“கேட்டுக்கிட்டீங்களா மேடம்? அவ வாயாலயே சொல்லிட்டா!”

அண்ணி அவரைப் பார்க்கவில்லை. “என்ன மாத்தினீங்க? ரேடியோவுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. அவனுக்குப் புரிஞ்சா கோர்ட்டுக்கும் புரியும்.”

“நன்றி அண்ணி” என்றான் ரேடியோ. பல் தந்தியடித்ததில் அது ‘நன்றிறிறி’ என்று வந்தது.

அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள். “கதவு சர்வரைக் கூப்பிட்டுத் திறக்கட்டுமான்னு கேக்குதில்ல, பதில் சொல்றது நிஜமாவே சர்வர்தானான்னு அதுக்கு எப்படித் தெரியும்? அதுக்குத்தான் சான்றிதழ். சர்வர் பேச்சை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி தன் சான்றிதழைக் காட்டணும். அதுல ஊர் உலகம் நம்பற ஒரு அமைப்பு கையெழுத்துப் போட்டிருக்கணும். அந்த மாதிரி அமைப்புகளோட பட்டியல் கதவுகிட்ட இருக்கு. ஒத்துப்போனாப் பேசும். இல்லைன்னா போனை வச்சிடும்.”

“சரி. அதுல நீங்க என்ன பண்ணினீங்க?”

“எட்டு மாசம் முன்னாடி அந்தச் சரிபார்ப்பை அணைச்சேன்” என்றாள். “அப்ப சோதனைக்கு வச்சிருந்த சர்வருக்கு முறையான சான்றிதழ் இல்லை. கதவு திறக்க மாட்டேன்னு அடம் பிடிச்சுது. மறுநாள் கிடங்கு திறப்பு. ‘இப்போதைக்கு அணைச்சு வை, அப்புறம் பார்த்துக்கலாம்’னு சார் சொன்னார். ஒரே ஒரு வார்த்தை மேடம். ‘சரிபார்’னு இருக்க வேண்டிய இடத்துல ‘வேண்டாம்’னு போட்டேன். அந்த அப்புறம் வரவே இல்லை. நேத்துதான் வீட்டுல உக்காந்து நான் எழுதினதையே வரி வரியாப் படிச்சேன். அந்த வரி கண்ணுல பட்டுது. யாருக்கும் தெரியாம இன்னிக்குச் சரி பண்ணிடலாம்னு...”

“வெக்கம்” என்றாள் அண்ணி.

“ஆமா மேடம்.”

“இப்ப கதவு சரிபார்க்குது. என்ன சொல்லுது?”

அவள் திரையைத் திருப்பினாள். “மறுமுனையில் இருப்பவரை நம்ப முடியாதுங்குது. அதான் எனக்கும் புரியலை. சர்வரோட சான்றிதழ் சரியாத்தான் இருக்கு. நேத்து வீட்டுலேருந்து நானே பார்த்தேன்.”

“வீட்டுலேருந்து பார்த்தா சரியா இருக்கு. இங்கேருந்து பார்த்தா சரியில்லை. ஒரே சர்வர். ரெண்டுக்கும் நடுவுல எது மாறுது?”

அந்தப் பெண் சுவர்ப் பெட்டியைப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள். “இந்தக் கட்டடம்.”

ரேடியோவுக்கு ஒரு நிமிஷம் குளிர்கூட மறந்துபோனது.

“இருங்க, இருங்க” என்றான். “கதவு அம்மாகிட்ட கேக்கறதா நினைச்சு யார்கிட்டயோ கேட்டுக்கிட்டிருந்திருக்கு. நடுவுல ஒருத்தன் அம்மா குரல்ல ‘திறடா கண்ணு’ன்னு சொல்லியிருக்கான். நிஜ அம்மாவுக்கு விஷயமே போகலை. அதனாலதான் அவங்க நோட்டுல ஒண்ணும் இல்லை!”

“மத்த நாளெல்லாம் கேட்டதை அப்படியே சர்வருக்குக் கடத்தியிருப்பான்” என்றாள் அந்தப் பெண். அவள் கண்ணில் முதல் தடவையாக உயிர் வந்தது. “அந்த ஞாயித்துக்கிழமை மட்டும் கடத்தாம தானே பதில் சொல்லியிருப்பான். நான் எதையும் அழிக்கலை. அழிக்க அங்க எதுவுமே எழுதப்படலை!”

“அந்த ஆள் இன்னும் நடுவுலதான் இருக்கான்” என்றாள் அண்ணி. “இல்லைன்னா இந்நேரம் கதவு திறந்திருக்கும்.”

மேனேஜர் கைகளைத் தேய்த்துக்கொண்டார். “கதையெல்லாம் வெளியே போய்ப் பேசலாமே. ஏம்மா, அந்தச் சரிபார்ப்பை மறுபடி அணை. கதவு திறந்துடும் இல்ல?”

“திறந்துடும் சார்.”

“அப்ப என்ன பாத்துக்கிட்டு நிக்கற? இந்தப் பையனைப் பாரு, உதடு நீலமாயிடுச்சு.”

பொய்யில்லை. ரேடியோவுக்குக் காது இருக்கிற இடமே தெரியவில்லை. கதவு திறக்கும் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அவன் உடம்பு முழுக்க அந்தப் பக்கம் சாய்ந்தது. அணை, தாயே, அணைத்துத் தொலை என்று மனசு கெஞ்சியது. அவள் விரல் விசைமேல் போனது. நின்றது. ரேடியோவை நிமிர்ந்து பார்த்தாள்.

“சார், நான் அணைச்சா நடுவுல இருக்கிறவன் திரும்பவும் சர்வர் ஆயிடுவான். நாம வெளியே போறதுக்குள்ள, ஒயர் நடுவுல அவன் வச்சிருக்கிற பெட்டியைப் பிடுங்கிட்டா என்கிட்ட ஒண்ணுமே இருக்காது. ஆனா உங்களுக்கு முடியலைன்னா சொல்லுங்க. அணைச்சுடறேன்.”

இதை முடிவு செய்கிற பொறுப்பு எதற்கு நம் தலையில் வந்து விழுந்தது என்று ரேடியோ நொந்துகொண்டான். சுவர்களைப் பார்க்காமல் தன் ஷூவைப் பார்த்தான்.

“எனக்கென்ன. வெயில் காலத்துல காசு குடுத்து இந்த மாதிரி இடத்துக்குப் போறாங்க. அணைக்காதீங்க.”

“அணைன்னு சொல்றேன்!” மேனேஜர் கத்தினார். “இது உத்தரவு!”

“அன்னிக்கும் நீங்க சொல்லித்தான் அணைச்சேன் சார். இன்னிக்கு மாட்டேன்.”

கையிரண்டையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள். அண்ணி திரையருகே குனிந்தாள்.

“பேட்டரி எவ்வளவு?”

“பதினெட்டு. குளிர்ல சீக்கிரம் இறங்குது.”

“அப்ப சட்டுனு படிங்க. அவன் நீட்டற சான்றிதழ்ல என்ன எழுதியிருக்கு? ஒரு எழுத்து விடாம.”

அவள் படித்தாள். “சர்வர் பேரு, நம்ம சர்வர் பேரேதான். கையெழுத்து போட்டது...” சின்னதாகச் சிரித்தாள். “அதுவும் அதே பேரு. தனக்குத் தானே போட்டுக்கிட்டிருக்கு.”

“என் ஸ்கூல் ரிப்போர்ட் மாதிரி” என்றான் ரேடியோ. “அப்பா கையெழுத்தை நானே போட்டேன்.”

“தெரியும். உங்க அண்ணன் கல்யாணமான வாரமே சொல்லிட்டார். மேல படிங்க.”

“தயாரான தேதி, போன மாசம் மூணாம் தேதி. கம்பெனி பேரு...” அவள் நிறுத்தினாள். “நம்ம கம்பெனி பேரு, அதுக்குப் பின்னால ‘குழுமம்’.”

“நிஜ சர்வரோட சான்றிதழ்ல?”

“குழுமம் கிடையாது. பழைய பேருதான். நேத்து எடுத்த படம் இருக்கு.”

“பேருக்குப் பின்னால குழுமம்னு எப்பச் சேர்த்தாங்க?”

“இந்தத் திங்கட்கிழமை. எல்லாருக்கும் ஒரே நாள்ல மெயில் போயிருக்கு. எனக்கு அதுவும் வரலை. இன்னிக்கு வாசல்ல புது போர்டைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.”

ரேடியோ விரல்விட்டு எண்ண நினைத்தான், விரல்கள் மடங்கவில்லை. வாயாலேயே எண்ணினான். “போன மாசம் மூணாம் தேதி. இந்தத் திங்கட்கிழமை. அஞ்சு வாரம்! அஞ்சு வாரம் முன்னாடியே புதுப் பேரு தெரிஞ்ச ஜோசியர் யாரு?”

மேனேஜர் பெட்டிகளின் லேபிளைப் படித்துக்கொண்டிருந்தார்.

“காலையில உங்க ரூம்ல உக்காந்திருந்தப்ப ஒரு பில் பார்த்தேன்” என்றாள் அண்ணி அவரிடம், நலம் விசாரிக்கிற குரலில். “புது லெட்டர்ஹெட், புது ரப்பர் ஸ்டாம்ப். ஆர்டர் குடுத்தது போன மாசம் ஒண்ணாம் தேதி. கையெழுத்து உங்களுது. அந்த வாரம் முழுக்க நீங்க எழுதினதெல்லாம் புதுப் பேராத்தான் இருந்திருக்கும். ஒயர் நடுவுல வைக்கிற பெட்டியைத் தயார் பண்ணும்போது சான்றிதழுக்குக் கம்பெனி பேரு கேட்டிருக்கு. கை அதுபாட்டுக்கு அதையே அடிச்சிருக்கு. திருட்டுக்கு இவ்வளவு யோசிச்சவர் பேரை ஒரு தடவை திரும்பப் படிக்கலை.”

“முதலாளிக்கும்தான் தெரியும்!”

“அவர் கிடங்கு திறந்த நாள்லேருந்து இந்தக் கட்டடத்துப் படியேறலை. கதவுக்கும் வெளி உலகத்துக்கும் நடுவுல எந்த ஒயர் எங்க போகுதுன்னு தெரிஞ்சவர் யாரு? நீங்கதானே நின்னு இழுத்தீங்க?” அவள் நிமிர்ந்தாள். “பெட்டியை இன்னும் எடுக்கலை. இன்னொரு ஞாயித்துக்கிழமைக்கு வேணும்னு வச்சிருந்தீங்களா?”

மேனேஜர் சட்டென்று தரையில் மண்டியிட்டு, காற்றுத் துவாரத்தில் வாயை வைத்தார்.

“வாட்ச்மேன்! என் ரூம் பக்கம் யாரும் போகக்கூடாது! நீ உள்பட! போனா நாளைக்கு உனக்கு வேலை இல்லை!”

அவரே இடத்தைச் சொல்லிவிட்டார் என்பது அவருக்கு உறைப்பதற்குள் ரேடியோ அவர் பக்கத்தில் குப்புற விழுந்தான். அவன் வாழ்நாளெல்லாம் தேக்கி வைத்த சத்தம் அந்தக் கைப்பிடி அளவு துவாரத்தில் புகுந்தது.

“அண்ணே! மேனேஜர் ரூமுக்கு ஓடுங்க! நெட் ஒயர் எங்கயாவது ஒரு சின்னப் பெட்டிக்குள்ள போய் வெளிய வருதா பாருங்க! அந்தப் பெட்டியைக் கழட்டிட்டு ரெண்டு ஒயரையும் நேரா சேர்த்து விடுங்க!”

“போகாதே!”

“அண்ணே, உள்ள நாலு பேர் இருக்கோம்!”

வெளியே ஒரு சத்தமும் இல்லை. செருப்பு நகர்கிற சத்தம்கூட இல்லை. வாட்ச்மேன் போனாரா, நிற்கிறாரா? அவரை அந்த வேலையில் வைத்ததே மேனேஜர்தான் என்பது ரேடியோவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. லேப்டாப் திரை மங்கி, அணைந்தது. இனி அணைக்க நினைத்தாலும் வழியில்லை. அந்தப் பெண் அதை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தாள். மேனேஜர் எழுந்திருக்காமல் துவாரத்துக்குப் பக்கத்திலேயே கிடந்தார். சுவர்கள் நெருங்கி வந்தன. ரேடியோ பேச வாயெடுத்தான். பேச ஒன்றும் வரவில்லை. அண்ணி தன் கோட்டின் ஒரு பாதியைப் பிரித்து அவன் முதுகில் போட்டாள்.

எவ்வளவு நேரம் போனதென்று தெரியாது. கதவுக்கு அப்பால் ‘டிக்’ என்றது. கார்டு.

சுவர்ப் பெட்டியின் விளக்கு யோசித்தது. பச்சையானது.

‘ப்ச்’ என்று கதவு திறந்து, வெளிக்காற்று வெந்நீர் மாதிரி முகத்தில் அடித்தது. வாசலில் வாட்ச்மேன், ஒயர் தொங்கும் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியோடு நின்றார். அவருக்கு மூச்சு வாங்கியது.

“ஃபைல் அலமாரிக்குப் பின்னால இருந்துச்சு” என்றார். பிறகு மேனேஜரைப் பார்த்து, மன்னிப்புக் கேட்கிற மாதிரி, “உங்க ரூமுக்குள்ள போனா வேலை போயிடும்னீங்க சார். உள்ள நாலு பேர் விறைச்சுப் போனாலும் என் வேலை போயிடும்தானே? யோசிச்சுப் பார்த்தேன்” என்றார்.

தீயணைப்பு வண்டி வந்து ஏமாந்து திரும்பியது. போலீஸ் வண்டி ஏமாறவில்லை. மருந்தை எந்தக் கடைக்கு விற்றார் என்பதை மேனேஜர் வண்டியில் ஏறுவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார். ஆறு பெட்டி இன்னும் அங்கேயே இருந்தது.

வெயிலில் நின்ற காரின் முன்பக்கத்தில் காகிதத்தை வைத்து அண்ணி அறிக்கை எழுதினாள். அந்தப் பெண் பக்கத்தில் நின்று, சூடான தகட்டில் உள்ளங்கைகளைப் பதித்திருந்தாள்.

“மேடம், நான் அணைச்ச வரியையும் எழுதுங்க.”

“எழுதினா உங்க வேலைக்கு ஆபத்து வரலாம்.”

“எழுதாம விட்டா இன்னொருத்தரும் எங்கயாவது அணைப்பாங்க. அவர் அணைக்கச் சொன்னார். அமுக்கின கை என்னுது. ரெண்டையும் எழுதுங்க.”

அண்ணி இரண்டையும் எழுதினாள். அந்தப் பெண் முதலிலிருந்து கடைசிவரை நிதானமாகப் படித்தாள். ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தினாள். கையெழுத்துப் போட்டாள். பிறகு ஆபீஸுக்குள் போய் சார்ஜரை எடுத்துக்கொண்டு கிடங்கை நோக்கி நடந்தாள்.

“எங்க கிளம்பிட்டீங்க?” என்றான் ரேடியோ.

“மொத்தம் பன்னிரண்டு அறை. எல்லாக் கதவுலயும் அந்த ஒரே வரிதான் இருக்கு.”

ரேடியோ அண்ணியைப் பார்த்தான். அண்ணி அறிக்கையை மடித்துக்கொண்டிருந்தாள். அவன் பெருமூச்சு விட்டுவிட்டு, காரின் பின்னாலிருந்து ஜாக்கியை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனான். நான்காம் நம்பர் அறைக் கதவை வாட்ச்மேனிடம் வாங்கின கார்டால் திறந்து, இடுக்கில் ஜாக்கியை நிறுத்தி, போதாததற்குத் தன் காலையும் வைத்துக்கொண்டான். அவள் உள்ளே போய்க் கேபிளைச் செருகினாள். தட்டினாள். பெட்டி ‘கீக்’ என்றது. விளக்கு அணைந்து எரிந்தது. வெளியே வந்து, ஜாக்கியை எடுக்கச் சொல்லி, கதவைச் சாத்தினாள். கார்டைக் காட்டினாள்.

இருவரும் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பச்சை.

அவள் கேபிளைச் சுருட்டிக்கொண்டாள். “இன்னும் பத்து” என்று சொல்லிவிட்டு அடுத்த கதவுக்கு நடந்தாள்.